பொழுதை வரைந்த ஒளி: சுப்ரத மித்ராவின் ஒளிப்பதிவுக் கலை

முன்னுரை

தமிழில் திரைப்படம் குறித்த ஆய்வுகள் கதைக்கும் உரையாடலுக்கும் பாடலுக்கும் தந்துள்ள இடத்தை ஒளிக்குத் தந்ததில்லை. ஒரு படத்தின் சமூகக் கருத்தும் பாத்திரப் படைப்பும் விரிவாகப் பேசப்பட்ட பின், ஒளிப்பதிவு சிறப்பாக இருந்தது என்னும் ஒற்றைத் தொடரோடு கட்டுரைகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. இலக்கியத் துறையிலிருந்து திரைப்பட ஆய்விற்கு வருவோர் சொல்லில் பயின்றவர்களாதலின் இந்நிலை இயல்பானதே. ஆயினும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டு அவற்றின்மேல் மாந்தர் உணர்வைக் கட்டியெழுப்பிய ஒரு கவிதையியலின் வழிவந்தோர், பொழுதையே தம் தொழிற்கருவியாகக் கொண்ட ஒளிப்பதிவுக் கலையைப் புறந்தள்ளுவது பொருத்தமுடையதன்று.

வங்கத் திரைப்படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா (1930–2001) ஒளிப்படம் எடுத்தார், சிதார் இசைத்தார், வங்கம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிப் படங்களில் பணியாற்றினார், இறுதி ஆண்டுகளில் ஆசிரியராக விளங்கினார். பல கிளைகளாகத் தோன்றும் இவ்வாழ்க்கைக்கு அடிமரமாக ஒரே கொள்கை இருந்தது. ஒரு காட்சியில் விழும் ஒளி, அக்காட்சி நிகழும் இடத்திற்கும் நேரத்திற்கும் உண்மையானதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. இக்கொள்கை அவர் கலையை எவ்வாறு உருவாக்கியது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பவற்றை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

குறிப்பேடும் ஒளிப்படமும்

மித்ரா 1930ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே ஆங்கிலப் படங்களில் ஈடுபாடு கொண்ட அவர், கட்டடக் கலைஞராவது அல்லது ஒளிப்பதிவாளராவது என முடிவு செய்திருந்தார். இவ்விரண்டு விருப்பங்களுக்கும் இடையே உள்ள உறவு எண்ணத்தக்கது. ஒரு வெளிக்குள் ஒளி எவ்வழியாக நுழைகிறது என்பது இருவருக்கும் பொதுவான வினா.

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ (1951) படத்தை எடுப்பதற்காக வங்கம் வந்தபோது மித்ரா அப்படப்பிடிப்பில் வேலை கேட்டார். வேலை கிடைக்கவில்லை, தந்தையின் முயற்சியால் படப்பிடிப்பைப் பார்த்திருக்கும் அனுமதி மட்டும் கிடைத்தது. அவர் வெறும் பார்வையாளராக நிற்கவில்லை. ஒளிப்படங்கள் எடுத்தார், விளக்குகளின் இடம், படக்கருவியின் நகர்வு, நடிகர்களின் நிலை ஆகியவற்றை ஏட்டில் வரைந்தும் எழுதியும் வைத்தார். ஒளியின் தொடர்ச்சியைச் சரிபார்க்க அப்படத்தின் ஒளிப்பதிவாளர் கிளாத் ரெனுவாரே அக்குறிப்புகளைக் கேட்டுப் பார்த்ததாக அறியப்படுகிறது. அங்கு வந்துபோய்க்கொண்டிருந்த விளம்பர நிறுவன ஓவியர் சத்யஜித் ராயுடனும், கலைப் பிரிவில் பணியாற்றிய பன்சி சந்திரகுப்தாவுடனும் மித்ராவுக்கு ஏற்பட்ட நட்பு இந்தியத் திரைப்பட வரலாற்றில் ஒரு திருப்பமாக அமைந்தது.

இப்பயிற்சியின் தன்மை நோக்கத்தக்கது. திரைப்படத் தொழிற்கூடங்களில் உதவியாளராகச் சேர்ந்து மூத்தோர் செய்வதைப் பின்பற்றிக் கற்கும் வழி மித்ராவுக்கு வாய்க்கவில்லை. முகத்திற்கு ஒரு விளக்கு, கூந்தலுக்குப் பின்னால் ஒரு விளக்கு, பின்னணிக்கு ஒரு விளக்கு என்னும் அரங்க மரபு அவருடைய கையில் பழக்கமாகப் படியவில்லை. அவர் கற்றவை ஒளிப்படக் கலையிலிருந்து வந்தவை. கிடைக்கும் ஒளியிலேயே வாழ்வின் கணத்தைப் பற்றிய ஆன்றி கார்த்தியே-பிரெசோனின் ஒளிப்படங்களை மித்ராவும் ராயும் பெரிதும் போற்றினர். ஒளிப்படக் கலைஞன் உலகை ஒளியூட்டி அமைப்பவனல்லன். இருக்கும் ஒளியை அறிந்து காத்திருப்பவன். இக்காத்திருப்பே மித்ராவின் பிற்காலக் கலைக்கு வித்தாயிற்று.

பெரும்பொழுதின் படம்

‘பதேர் பாஞ்சாலி’யின் முதற் படப்பிடிப்பு 1952ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்தது. மித்ராவுக்கு வயது 22. அதற்கு முன் அவர் திரைப்படக் கருவி எதையும் இயக்கியதில்லை. அக்காள் துர்காவைத் தேடும் தம்பியாக அப்பு மையமாக நிற்கும் நாணற்காட்டுக் காட்சியே முதலில் எடுக்கப்பட்டது. வெண்ணிற நாணற்பூக்களின் நடுவே படம்பிடித்துத் திரும்பியவர்கள் அடுத்த வாரம் சென்றபோது மாடுகள் பூக்களை மேய்ந்திருந்தன. எஞ்சிய பகுதியை எடுக்க அடுத்த ஆண்டின் பூக்காலம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பெரிதும் வேடிக்கையாகவே சொல்லப்படும் இந்நிகழ்ச்சி அப்படத்தின் இயல்பை உணர்த்துகிறது. பருவம் இங்கே பின்னணியன்று. அது படைப்பின் நிபந்தனை. பணமின்மையால் படப்பிடிப்பு பலமுறை நின்று, மேற்கு வங்க அரசின் உதவியால் நிறைவேறி, 1955இல் வெளிவந்த இப்படத்தில், கோடையின் வறண்ட வெளிச்சமும் மழைக்கு முன் குளத்து நீரில் படியும் இருட்டும் மழையின் பெருக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. துர்கா மழையில் நனைவதும் நோயுற்று இறப்பதும் பருவத்தின் நகர்வோடு பிணைந்தே நிகழ்கின்றன. பெரும்பொழுது கதையை முன்செலுத்துகிறது எனலாம்.

இப்படத்திலேயே மித்ரா எதிர்கொண்ட மற்றொரு சிக்கலும் உண்டு. பகற்காட்சிகள் கல்கத்தாவை அடுத்த போரால் கிராமத்தில் எடுக்கப்பட்டன. இரவுக் காட்சிகளுக்குப் படப்பிடிப்பு அரங்கு பயன்பட்டது. வெளியின் ஒளியையும் அரங்கின் ஒளியையும் பொருத்தம் தெரியாமல் இணைப்பது எவ்வாறு என்னும் இவ்வினாவுக்கான முழுமையான விடை அடுத்த படத்தில் பிறந்தது.

இசையிலும் மித்ராவின் பங்கு இப்படத்தில் உண்டு. படத்திற்கு இசையமைத்த ரவிசங்கருக்கு நேரம் போதாமையால் இனிப்பு விற்பவர் வரும் காட்சிக்கான இசையை மித்ராவே சிதாரில் வாசித்தார். ஒளிப்பதிவாளரே ஒரு காட்சிக்கு இசையும் தந்தமை அரிய செய்தி. இராகத்தைப் பொழுதோடு இணைத்துப் பாடும் வட இந்திய இசை மரபில் பயின்ற ஒருவர், காலை ஒளிக்கும் மாலை ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வின் வேறுபாடாகக் கொண்டதில் வியப்பில்லை.

அரங்கிற்குள் ஒரு வானம்

‘அபராஜிதோ’ (1956) படத்தில் காசி நகரத்து வீடு ஒன்று வருகிறது. நாற்புறமும் சுவர் சூழ்ந்த நடு முற்றமுடைய வீடு அது. மேலே திறந்த வானத்திலிருந்து மட்டுமே ஒளி இறங்கும்; வெயில் நேராகப் படாமையால் நிழல் கூர்மையாக விழாது. மழைக்காலம் நெருங்கியதால் இவ்வீட்டைக் கல்கத்தா அரங்கிற்குள் அமைக்கக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா திட்டமிட்டார். மித்ரா அதை எதிர்த்தார். வானிலிருந்து பரவி இறங்கும் நிழலற்ற ஒளியை அரங்கு விளக்குகளால் உண்டாக்க இயலாது என்பது அவர் வாதம். வாதம் ஏற்கப்படவில்லை.

தோற்ற வாதத்திலிருந்தே புதுமை பிறந்தது. முற்றத்தின் மேல் வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார் மித்ரா. விளக்குகளைக் கீழிருந்து அத்துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டு மீண்ட ஒளி, வானொளியைப் போல முற்றத்தில் பரவியது. திரைத்துறையினர் பவுன்ஸ் லைட்டிங் என வழங்கும் இம்மீளொளி முறை பின்னாளில் உலகெங்கும் பரவியது. இங்மார் பெர்க்மனின் ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் இத்தகைய முறையைப் பற்றி எழுதியதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மித்ரா அதைக் கையாண்டார் என்பதை ராய் பதிவு செய்துள்ளார்.

யார் முதலில் செய்தார் என்பதைக் காட்டிலும் ஏன் செய்தார் என்பதே திறனாய்வுக்குப் பயன் தருவது. மென்மையான ஒளி அழகாயிருக்கும் என்பதற்காக மித்ரா துணியை விரிக்கவில்லை. காசி வீட்டில் ஒளி எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்கு விடையாகவே விரித்தார். பிற்காலத்தில் பலர் கையில் மீளொளி எவ்விடத்தும் ஒரே சீராக ஊற்றப்படும் வெளிச்சமாகி, காட்சியின் ஆழத்தைப் போக்கியதும் உண்டு. முறை பரவியது, முறைக்குப் பின்னிருந்த வினா அதே அளவிற்குப் பரவவில்லை.

பொழுதும் உரிப்பொருளும்

‘அபராஜிதோ’வின் பிற்பகுதியில் தாய் சர்பஜயா நோயுற்றுக் கல்கத்தாவில் படிக்கும் மகனின் வரவை நோக்கியிருக்கிறாள். மாலை மயங்குகிறது. தொலைவில் தொடர்வண்டி செல்லும் ஓசை கேட்கிறது. அவள் எழுந்து வெளியே வந்து நோக்குகிறாள். மகன் வரவில்லை, இருளில் மின்மினிகள் மட்டும் மின்னுகின்றன. உண்மையான மின்மினிகள் படச்சுருளில் பதியாமையால், கருநிற உடையணிந்தோர் சிறு விளக்குகளை அணைத்தும் ஏற்றியும் நிற்க இக்காட்சி எடுக்கப்பட்டது. செயற்கையாக அமைக்கப்பட்ட இக்காட்சி பார்ப்போர் உள்ளத்தில் ஓர் உண்மையான மாலைப் பொழுதாகவே நிலைக்கிறது. மாலையைக் காத்திருத்தலின் பொழுதாகக் கண்ட முல்லைத்திணையை அறிந்த வாசகர்க்கு இக்காட்சியின் அமைதி அயலானதாகத் தோன்றாது. தலைவிக்கு மாறாகத் தாயும், தலைவனுக்கு மாறாக மகனும் இங்கு உளர். காத்திருத்தலுக்கு முடிவாக வரவேண்டிய வரவு நிகழாமல் இரங்கலாக மாறுகிறது.

‘ஜல்சாகர்’ (1958) ஒளியின் அழிவையே பொருளாகக் கொண்டது. வாழ்ந்து கெட்ட ஜமீன்தார் விஸ்வம்பர் ராய் தம் இசைக்கூடத்தில் இறுதி இசை விருந்தை நடத்தி முடித்தபின், சரவிளக்கின் சுடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைவதைக் கண்டு அஞ்சுகிறார். பணியாள் திரைச்சீலையை விலக்கிப் பொழுது புலர்வதைக் காட்டுகிறான். ஏனையோர்க்கு நம்பிக்கையாகும் விடியல் இவருக்கு அழிவின் அறிவிப்பாகிறது. பாத்திரத்தின் வீழ்ச்சியை உரையாடல் சொல்வதற்கு முன்பே சுடர் அணைதலும் விடியல் புகுதலும் சொல்லிவிடுகின்றன.

தாகூரின் ‘நஷ்டநீட்’ என்னும் கதையைத் தழுவிய ‘சாருலதா’ (1964) நண்பகலில் தொடங்குகிறது. செல்வர் வீட்டின் உட்கூடங்களில் தனித்திருக்கும் சாரு, கண்ணாடியைக் கையிலேந்திச் சாளரம் சாளரமாகச் சென்று தெருவைப் பார்க்கிறாள். சாளரச் சட்டங்களின் வழியே நுழையும் பகலொளி அறைகளில் நிறைந்திருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை. நூலைப் படித்தவாறே அவளைக் கடந்து செல்லும் கணவன் அவளைக் காணவில்லை. பிரிவின் திணையாகிய பாலைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வைத்தனர் நம் முன்னோர். இங்கே கணவன் பிரிந்து சென்றவனல்லன். ஒரே கூரையின் கீழ் இருப்பவன். வீட்டிற்குள்ளேயே விரிந்த பாலையை உரையாடல் ஏதுமின்றிப் பகலொளியே புலப்படுத்துகிறது. இவ்வீடு முழுவதும் அரங்கில் அமைக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால் அப்பகலைப் படைத்த கைத்திறன் விளங்கும்.

நண்பகலில் தொடங்கிய இப்படம் விளக்கேற்றும் பொழுதில் முடிகிறது. உண்மை அறிந்து வீடு திரும்பும் கணவனை நோக்கிச் சாரு கை நீட்டுகிறாள், அவனும் நீட்டுகிறான், இரு கைகளும் சேருமுன் காட்சி உறைகிறது. தொடர்ந்து சாருவின் முகம், கணவனின் முகம், விளக்கேந்திய பணியாள் ஆகியவை அசையாப் படங்களாக வருகின்றன. ஒளிப்படக் கலையில் கண் பழகிய ஒருவரின் படப்பதிவு, இறுதியில் ஒளிப்படங்களாகவே நின்றுவிடுவது பொருள் பொதிந்தது. அசைவு இருக்கும்வரை இணைதலுக்கு வாய்ப்புண்டு. அசைவு நின்றபின் இடைவெளி மட்டுமே எஞ்சும். உறைதல் இயக்குநரின் முடிவு. உறைந்த ஒவ்வொரு சட்டகமும் தனித்து நிற்கும் வலிமை பெற்றது ஒளிப்பதிவாளரால்.

இவ்வொப்பீட்டிற்கு எல்லை உண்டு. ராயோ மித்ராவோ தொல்காப்பியத்தைக் கருதிப் படம் எடுத்தனர் என்பது இங்கே கருத்தன்று. திணைக் கோட்பாட்டை வாய்பாடாகக் கொண்டு பொருத்தினால் ‘காஞ்சன்ஜங்கா’ (1962) இடறும். மலைநிலத்தில் நிகழும் அவ்வண்ணப்படத்தின் பொழுது யாமமன்று, பிற்பகல். பொருளும் புணர்ச்சியன்று, திணிக்கப்படும் மணத்தை ஒரு பெண் மறுப்பது. ஆயினும் வெயில், மேகம், பனிமூட்டம், மீண்டும் வெயில் எனக் டார்ஜிலிங்கின் ஒளி மாறுவதும் மாந்தர் மனம் மாறுவதும் இணைந்து செல்கின்றன. இறுதியில் பனி விலகிச் சிகரம் தோன்றும்போது, அதைக் காணவே வந்திருந்த குடும்பத் தலைவர் அதைக் கவனிக்கவில்லை. நிலமும் பொழுதும் உணர்வின் உறைவிடம் என்னும் பொதுக் கோட்பாடு இங்கும் நிற்கிறது. குறிப்பிட்ட பொருத்தங்கள் மாறுகின்றன. கோட்பாட்டைக் கருவியாகக் கொள்வதற்கும் அச்சாகக் கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இயல்பும் ஓர் அணி

மித்ராவின் ஒளி இயல்பானது எனப் பாராட்டுவது வழக்கம். இப்பாராட்டில் ஒரு மயக்கம் உண்டு. வெள்ளைத் துணி வானமாகவும், கையிலேந்திய சிறு விளக்கு மின்மினியாகவும், அசையாது நிற்கும் அரங்கு ‘நாயக்’ (1966) படத்தில் விரைந்தோடும் தொடர்வண்டிப் பெட்டியாகவும் ஆகும்போது, இயல்பு என்பது எங்கே உள்ளது என ஒருவர் வினவலாம். மரபான அரங்க ஒளியும் செயற்கை. மித்ராவின் ஒளியும் செயற்கை. எனின் வேறுபாடு யாது?

தன்மையை ஓர் அணியாகவே கொண்ட தண்டியலங்காரம் இதற்கு விடை தருகிறது. உள்ளதை உள்ளவாறு தோன்றச் சொல்வதும் செய்யுளின் ஒரு வேலைப்பாடே, அணி இல்லாமையன்று. மித்ராவின் ஒளி தன்மையணி போன்றது. அதன் உழைப்பு தன்னை மறைத்துக் கொள்வதில் உள்ளது. மரபான அரங்க ஒளி நடிகரின் முகத்திற்கு முதன்மை தந்து, அம்முகம் எவ்விடத்தில் எந்நேரத்தில் உள்ளது என்பதைப் பின்தள்ளும். மித்ராவின் ஒளி இடத்தையும் நேரத்தையும் முதலில் நிறுவி, அவற்றுள் முகத்தைக் கொண்டு வரும். ‘அபுர் சன்சார்’ (1959) படத்தில் வண்டிக்குள் அபர்ணா கொளுத்தும் தீக்குச்சியின் ஒளியில் அவள் முகம் ஒரு கணம் சுடர்கிறது. அழகியாகக் காட்டுவதற்கென ஓர் ஒளி அங்கு விழுவதில்லை. இருட்டு, தீக்குச்சி, முகம் என்னும் வரிசையில் காதல் வெளிப்படுகிறது. முகத்தின் அழகு அவ்வரிசையின் பயனாக அமைகிறது.

ராயின் படங்களுக்கு வெளியே

மித்ராவின் கலை ராயின் நிழலில் வளர்ந்தது மட்டுமே என்னும் கருத்தை அவருடைய பிற படங்கள் மறுக்கின்றன. இஸ்மாயில் மெர்ச்சன்ட், ஜேம்ஸ் ஐவரி ஆகியோரின் முதல் கதைப்படமான ‘தி ஹவுஸ்ஹோல்டர்’ (1963), ‘ஷேக்ஸ்பியர் வாலா’ (1965), ‘தி குரு’ (1969), ‘பாம்பே டாக்கி’ (1970) ஆகிய நான்கும் மித்ராவின் ஒளிப்பதிவில் உருவானவை. ஊர் ஊராக நாடகம் நடத்தித் திரியும் ஆங்கிலக் குழுவின் தேய்வைக் காட்டும் ‘ஷேக்ஸ்பியர் வாலா’வில் மேடையின் ஒளியும் மேடைக்கு வெளியே உள்ள ஒளியும் வேறு வேறாக நிற்கின்றன. மேடைப் பொலிவு குறையக் குறைய வெளி ஒளியின் விரிவு மிகுகிறது.

பணீஷ்வர்நாத் ரேணுவின் இந்திக் கதையைத் தழுவிய ‘தீஸ்ரீ கசம்’ (1966) மற்றொரு சோதனைக்களம். பாசு பட்டாச்சார்யா இயக்கிய இப்படத்தைப் பாடலாசிரியர் சைலேந்திரா தயாரித்தார். ராஜ் கபூர், வஹீதா ரஹ்மான் எனப் புகழ்பெற்ற நடிகர்களும் பாடல்களும் கொண்ட இந்தித் திரைப்பட மரபிற்குள் மித்ராவின் கொள்கை எவ்வாறு நிற்கும் என்பது இங்கே வினாவாகிறது. மாட்டுவண்டியோட்டி ஹீராமனும் கூத்து நடிகை ஹீராபாயும் செல்லும் வழிநெடுக, சாலையின் திறந்த வெளிச்சமும் வண்டிக் கூண்டினுள் மங்கிய நிழலும் அடுத்தடுத்து வருகின்றன. அவள் கூண்டினுள் இருக்கும்வரை அவனுக்கு அவள் ஒரு கனவு; கூத்து மேடையின் வெளிச்சத்தில் நின்றபின் அவள் ஊரார் பார்வைக்கு உரியவள். கதையின் துயரம் இவ்விரு வெளிச்சங்களுக்கு இடையே உள்ளது. அவ்வாண்டின் சிறந்த கதைப்படத்திற்கான தேசிய விருதை இது பெற்றது.

ஆக்கியோன் யார்?

மித்ரா ராயுடன் பணியாற்றிய கதைப்படங்கள் பத்து. ‘நாயக்’ அவற்றுள் இறுதியானது. ‘சாருலதா’ காலம் தொட்டுப் படக்கருவியை ராய் தாமே இயக்கலானார். 1961ஆம் ஆண்டளவில் மித்ராவுக்குக் கண் நலம் குன்றியபோது ‘தீன் கன்யா’வின் ஒளிப்பதிவை ஏற்றவரும், பின்னர் ராயின் நிலையான ஒளிப்பதிவாளராக விளங்கியவரும் மித்ராவின் உதவியாளராயிருந்த சௌமேந்து ராய் ஆவார்.

இந்நிகழ்வுகள் ஒரு கோட்பாட்டு வினாவை எழுப்புகின்றன. படம் இயக்குநரின் படைப்பு எனில் ஒளிப்பதிவாளர் கருவியைக் கையாளும் தொழிலாளர் மட்டுமா? மித்ரா இல்லாமலும் ராயின் படங்கள் ராயின் படங்களாகவே இருந்தன என்பது உண்மை. ஒளியின் தோற்றுவாய்க்கு மதிப்பளிக்கும் முறை சௌமேந்து ராயின் பணியிலும் தொடர்ந்தது. ஆனால் இதிலிருந்து மித்ராவின் பங்கு சிறிது என முடிவு செய்தல் தவறு. ஒருவர் கண்ட முறை அவர் விலகிய பின்னும் பிறர் கையில் நிலைத்தது என்பதே இதன் பொருள். மேலும், காசி முற்றத்தில் இயக்குநரும் கலை இயக்குநரும் ஒருபுறமும் ஒளிப்பதிவாளர் மறுபுறமும் நின்று வாதிட்டதால்தான் மீளொளி பிறந்தது. படைப்பு அங்கே ஒருவர் உள்ளத்தில் இருந்ததன்று. மூவர் கருத்து வேறுபாட்டில் விளைந்தது. மூலத்தையும் உரையையும் சேர்த்தே பயிலும் தமிழ் மரபு, ஒரு பனுவலின் பொருள் ஒன்றுக்கு மேற்பட்டோர் உழைப்பால் துலங்குவதை நன்கறிந்தது. அவ்வறிவைத் திரைப்பட ஆய்விலும் பயன்கொள்ள இயலும்.

இவ்வினாவோடு மூலபாடச் சிக்கலும் பிணைந்துள்ளது. அப்பு முப்படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஏற்பட்ட தீயில் சேதமுற்றன. நெடுங்காலம் தேய்ந்த படிகளிலும் தொலைக்காட்சிப் படிகளிலுமே இப்படங்கள் பலரால் காணப்பட்டன. மித்ராவின் ஒளி கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களின் நுண்ணிய படிநிலைகளில் வாழ்வது. தேய்ந்த படியில் கதை பிழைக்கும், உரையாடல் பிழைக்கும், முதலில் அழிவது அப்படிநிலைகளே. எரிந்த சுருள்களில் மீட்கத்தக்கவற்றை மீட்டும், ஏனையவற்றைப் பிற படிகளிலிருந்து நிரப்பியும் உருவாக்கப்பட்ட புதிய பதிப்பு 2015இல் வெளிவந்தது. சிதைந்த ஏட்டை வைத்துக்கொண்டு யாப்பமைதியை ஆராய்தல் எத்தகையதோ, தேய்ந்த படியை வைத்துக்கொண்டு ஒளியமைதியை ஆராய்தலும் அத்தகையதே. ஒளிப்பதிவாளர் பற்றிய பழைய மதிப்பீடுகளை மறுபார்வை செய்ய இதுவே தக்க காலம்.

கொள்கையின் விலை

1970க்குப் பின் மித்ராவின் ஒளிப்பதிவில் வெளிவந்த கதைப்படங்கள் மிகச் சில. ஒளி சரியாக அமையும்வரை விடாத அவருடைய கண்டிப்பு திரையுலகில் நன்கு அறியப்பட்டது. நாட்கணக்கில் செலவு எண்ணப்படும் தொழிலில் இக்கண்டிப்புக்கு இடம் குறைவு. எந்தக் காத்திருப்பு அவர் கலையை உருவாக்கியதோ அதுவே அவர் பணியைச் சுருக்கியது. நீண்ட இடைவெளிக்குப் பின் ரமேஷ் சர்மா இயக்கிய ‘நியூ டெல்லி டைம்ஸ்’ (1986) படத்திற்காகச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருதைப் பெற்றார். அரசியல் சூழ்ச்சியைத் துப்பறியும் இதழாசிரியர் ஒருவரின் கதையாகிய இது அவருடைய முந்தைய உலகிலிருந்து வேறானது. ஆயினும் அலுவலகமும் வீடும் இரவுச் சாலையும் தத்தமக்குரிய ஒளியிலேயே நிற்கின்றன.

1997 முதல் கல்கத்தாவில் உள்ள சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் தகைசால் பேராசிரியராகப் பணியாற்றிய மித்ரா 2001ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் மறைந்தார். எந்தத் திரைப்பட நிறுவனத்திலும் பயிலாமல், வேலை மறுக்கப்பட்ட ஒரு படப்பிடிப்பின் ஓரத்தில் நின்று குறிப்பெழுதிக் கற்றவர், இறுதியில் ஆசிரியரானார். திரையில் அவர் எடுத்தவை எண்ணிக்கையில் குறைவு. அவர் வகுத்த வினா மாணவர் வழியே தொடர்ந்தது.

முடிவுரை

சுப்ரத மித்ராவின் பல்துறை வாழ்க்கையை இணைப்பது ஒளியின் தோற்றுவாய்க்கு உண்மையாயிருத்தல் என்னும் ஒரே நெறி. ஒளிப்படக் கலை அவருக்குக் காத்திருக்கக் கற்பித்தது. இசை பொழுதுக்கும் உணர்வுக்கும் உள்ள உறவை உணர்த்தியது. அரங்கின் நெருக்கடி வானத்தைத் துணியில் வரையச் செய்தது. அவருடைய ஒளி இயல்பாகத் தோன்றினும் அது தன்மையணியைப் போன்ற ஒரு வேலைப்பாடு. அவ்வேலைப்பாட்டின் நோக்கம் காட்சிக்குப் பொழுதைத் தருவதும், பொழுதின் வழியே மாந்தர் உணர்வைப் புலப்படுத்துவதும் ஆகும்.

சர்பஜயாவின் மாலையும் சாருவின் நண்பகலும் விஸ்வம்பர் ராயின் விடியலும் கதைக்கு ஒட்டப்பட்ட அலங்காரங்கள் அல்ல. அவற்றை நீக்கினால் அக்கதைகளின் உணர்வு நிற்க இடமில்லை. எனவே திரைப்படத்தை ஆராய்வோர், அங்கு யார் என்ன பேசினார் என்பதற்கு முன், அது எந்தப் பொழுது, ஒளி எங்கிருந்து வருகிறது என வினவுதல் வேண்டும். முதற்பொருளிலிருந்து தொடங்குதல் தமிழாய்வுக்குப் புதிதன்று.